மூக்கடைப்பும் மனவாட்டமும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தேகசுகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நமது தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஞாபகத்திற்கு வருவன சத்துணவு, குடிதண்ணீர், கக்கூஸ் ஆகிய மூன்றுமே. அம்மூன்றும் இன்றியமையாதனவே, அவற்றுள் ஒன்றையேனும் குறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் பதின்மூன்று வயதிற்கும் பத்தொன்பது வயதிற்கும் இடைப்பட்ட சிறுவர் சிறுமியருள் பலரை வருஷத்தில் பல மாதங்கள் வாட்டிவருவதும், உயிரை உடனே கொள்ளை கொள்ளாத காரணத்தால் எவர் கவனத்திற்கும் எட்டாததுமான வியாதியொன்று உண்டு. காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காய்த் தும்மல், பகலெல்லாம் மூக்கடைப்பு, இரவில் இரைப்பு, அல்லது முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் ஓயாத அரிப்பு. இவற்றையெல்லாம் ஒவ்வாமை என்னும் ஒரே பெயரில் அடக்குவர் வைத்திய நூலார். இத்துன்பம் தனியே வருவதில்லை. பிள்ளையின் மனத்திலும் ஒரு வாட்டத்தைக் கூட்டிக்கொண்டே வருகிறது. மூக்கிற்கு மாத்திரை கொடுக்கிறோம்; மனத்திற்கு வசவு கொடுக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் நமது வீடுகளிலும் இல்லை, பள்ளிக்கூடங்களிலும் இல்லை, பெரும்பாலான ஆஸ்பத்திரிகளிலும் இல்லை. இது குறித்தே இன்று நாம் நேயர்களிடம் பேச விரும்புகிறோம்.

இதற்குப் பொன்னமராவதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சென்னையின் புகையைப் பற்றியும் டில்லியின் பனிமூட்டத்தைப் பற்றியும் எழுதுவார் பலர் உளர். நாட்டுப்புறத்துக் காற்று தூயது, அங்குள்ள பிள்ளைகள் திடகாத்திரர்கள் என்பது பட்டணவாசிகள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் கதை. பொன்னமராவதி 1948 மார்ச்சு 3-ந் தேதி வரையில் தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அடங்கியிருந்தது. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி ஜில்லாவானபோது அதன் மேற்குப் பக்கத்து ஊர்களில் ஒன்றாயிற்று. இன்று ஒரு தாலூகாவின் தலைமையூர். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து படிக்கும் ஊர். வானம் பார்த்த பூமி, கண்மாய்ப் பாசனம், நெல், கடலை. ஜில்லாவின் பல பாகங்களில் தைலமரத் தோப்புகளும், நீர் வற்றிய கண்மாய்களில் சீமைக்கருவேலும், கல்குவாரிப் புழுதியும் உண்டு. ஜில்லாவின் தலைநகருக்குப் போக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் இத்தகைய ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே பொன்னமராவதியைப் பற்றிச் சொல்வது அவ்வளவிற்கும் பொருந்தும்.

சீமைக்கருவேலைக் குறித்து ஒரு வார்த்தை. 1877-ல் அந்நிய சர்க்காரின் வன இலாகாவினர் விறகுப் பஞ்சம் தீர்க்கச் சென்னை ராஜதானிக்குத் தருவித்த மரம் இது. சர்க்கார் போயிற்று, மரம் போகவில்லை. பின்னாளில் வேலிக்கும் அடுப்பிற்கும் உதவும் என்று நம்மவரும் அதைப் பரப்பினர். அதன் மகரந்தம் மூக்கிலும் மார்பிலும் ஒவ்வாமையை எழுப்பவல்லது என்பது இந்திய ஆராய்ச்சியாளர் கண்டறிந்த உண்மை. அம்மரத்தை வெட்டியெறியும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட காலத்தில், நிலத்தடி நீரைப் பற்றியே ஊரெல்லாம் பேசினோம். பிள்ளைகளின் மூச்சைப் பற்றிப் பேசினோமில்லை. எனினும் பழியனைத்தையும் மரத்தின் தலையில் சுமத்துவது நியாயமன்று. வீட்டிற்குள்ளேயே, பழைய பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும், கண்ணுக்குப் புலப்படாத தூசுப்பூச்சி ஒன்று கோடிக்கணக்கில் வாழ்கிறது. 1960-க்குப் பிற்பட்ட வருஷங்களில் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்து ஆராய்ச்சியாளர் அதன் குற்றத்தை நிரூபித்தனர். அதன் கழிவே தும்மலுக்கும் இரைப்பிற்கும் முதற்காரணங்களில் ஒன்று. வெளியில் எதிரியைத் தேடுகிறோம். அவனோ தலைமாட்டில் படுத்திருக்கிறான்.

ஒவ்வாமை என்பது யாது? 1906-ல் வியன்னா நகரத்து வைத்தியர் கிளெமென்ஸ் பான் பிர்கே என்பார் அலர்ஜி என்னும் சொல்லைப் படைத்தார். தேசத்தொண்டில் ஈடுபட்ட நமது நேயர்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. அமைதியாகப் பஜனை பாடிச் செல்லும் கூட்டத்தைக் கலகக் கூட்டம் என்று தவறாகக் கொண்டு 144 தடையுத்தரவு போட்டுத் தடியடி நடத்தும் போலீஸ் அதிகாரியை நாம் சரித்திரத்தில் அறிவோம். உடலைக் காக்க ஏற்பட்ட காவற்படையும் சிலரிடத்தில் அவ்வாறே நடந்துகொள்ளுகிறது. மகரந்தமோ, தூசியோ, உணவோ, தீங்கற்ற பொருளொன்று உள்ளே வந்ததும், சத்துரு வந்துவிட்டான் என்று கிளர்ந்தெழுந்து, ஹிஸ்டமின் முதலான ரசங்களை அள்ளி வீசுகிறது. அடிபடுவது வந்தவனல்லன், சொந்த மூக்கும், சொந்த மார்பும், சொந்தத் தோலுமே. தமிழில் இதற்கு அமைந்த சொல் அலர்ஜியினும் சிறந்தது என்பது நமது அபிப்பிராயம். உணவு ஒவ்வவில்லை என்கிறோம்; ஊர் ஒவ்வவில்லை என்கிறோம்; மனம் ஒவ்வவில்லை என்றும் சொல்கிறோம். உடலின் முரண்டும் உள்ளத்தின் முரண்டும் நம் மொழியில் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

இது நாலைந்து பிள்ளைகளின் விஷயமன்று. 1990-க்குப் பின் நடந்த சர்வதேச ஆராய்ச்சியொன்று 56 தேசங்களில், 13, 14 வயதுடைய 4,63,801 பிள்ளைகளை விசாரித்து, இரைப்பும் மூக்கு ஒவ்வாமையும் கரப்பானும் உலகெங்கும் பரவியிருப்பதை 1998-ல் வெளிப்படுத்திற்று. நமது நாட்டின் பல நகரங்கள், சென்னை உட்பட, அதில் இடம் பெற்றிருந்தன. உலகத்து ஆஸ்துமா நோயாளிகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர் இந்தியர் என்றும், ஆஸ்துமாவினால் மடிவோருள் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டோர் இந்தியர் என்றும் உலகக் கணக்குகள் கூறுகின்றன. நோயில் நமது பங்கு சிறிது, சாவில் பெரிது. நோய் நம்மவரைக் கொடுமையாகத் தாக்குகிறது என்பதல்ல இதன் பொருள். சரியான மருந்து சரியான வேளையில் சேரவில்லை என்பதே. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சிறு பிராயத்தில் ஆஸ்துமா ஆண்பிள்ளைகளிடத்தே அதிகம். பருவமடையும் வயதிற்குப் பின் நிலைமை தலைகீழாகிப் பெண்களிடத்தே அதிகமாகிறது. நமது குடும்பங்களில் பெண்ணின் நோயை மறைக்கத் தொடங்கும் வயதும் அதுவேயாகும்.

நிற்க. உடம்பில் உண்டான இந்நோய் மனத்திற்குள் எவ்வழியாகப் புகுகிறது? முதல் வாயில் இரவு. மூக்கடைத்த பிள்ளை வாயால் மூச்சு விட்டுக்கொண்டு புரள்கிறான். கரப்பான் உள்ள பெண் தூக்கத்திலேயே சொறிந்து இரத்தம் கண்டு விழிக்கிறாள். இரைப்புள்ளவன் விடியற்காலம் எழுந்து உட்கார்ந்து கொள்கிறான். இப்படி மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட பிள்ளைக்குக் காலையில் பாடம் ஏறுவதில்லை, சிடுசிடுப்பு வருகிறது, அழுகை வருகிறது, நண்பர்களை விட்டு விலகி உட்காரத் தோன்றுகிறது. தகப்பனாருக்கோ இது சோம்பல். "எழுந்திருடா, ஏழு மணியாச்சு! உன் வயசிலே நான் ரெண்டு மரக்கால் நாற்று நட்டவன்" என்கிறார். உபாத்தியாயருக்கோ இது அசிரத்தை. இரவில் நடந்தது அறிந்தவள் தாய் ஒருத்தியே. அவள் சொல் சபையேறுவதில்லை.

இங்கிலாந்தில் 2007-ல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று 15 முதல் 17 வயது வரையுள்ள 1,834 மாணவர்களின் பரீட்சை முடிவுகளை ஆராய்ந்தது. மகரந்தக் காலத்தில் மூக்கு ஒவ்வாமையால் அவதிப்பட்டவர்கள், முன்னோட்டப் பரீட்சையில் தாம் பெற்ற தரத்தினின்றும் முடிவுப் பரீட்சையில் கீழிறங்குவது மற்றவர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 40 பங்கு அதிகமாயிருந்தது. மயக்கம் தரும் தும்மல் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பரீட்சை எழுதியவர்களிடத்தே இது 70 பங்காக உயர்ந்தது. நமது நாட்டிலோ மார்ச்சு மாதத்துப் பொதுப் பரீட்சையில் மார்க்கு குறைந்த பிள்ளையிடம், நீ எப்படித் தூங்கினாய், என்ன மாத்திரை தின்றாய் என்று எவர் கேட்கிறார்? அந்த மார்க்கின்மேல்தான் அவன் கலாசாலைப் படிப்பும், குடும்பத்தின் கடனும், தங்கையின் கலியாணமும் கட்டப்பட்டிருக்கின்றன.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பிரதேசத்தில் 1991, 1992 வருஷங்களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் மற்றோர் ஆராய்ச்சி, 2021-ல், பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைக்கொண்டு ஓர் உண்மையை வெளியிட்டது. கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைகளிடத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் தோன்றும் நிலைமை மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. தூக்கக் கேடு இதற்கு ஒரு பகுதிக் காரணம் மட்டுமே. தோலைப் பார்த்து மற்றவர் முகஞ்சுளிப்பதும், உடலின் அழற்சி மூளையைத் தாக்குவதும்கூட ஆராயப்பட்டு வருகின்றன. நமது ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கரப்பான் உள்ள பெண்ணைப் பக்கத்தில் உட்காரவிடாத பிள்ளைகள் உண்டு. ஒட்டிக்கொள்ளும் என்று அவர்களுடைய வீட்டார் சொல்லியனுப்புகிறார்கள். கரப்பான் தொற்றுநோயன்று. பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி முழுக்கை ரவிக்கைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு வெயிலில் வேர்த்து நிற்பதும், வேர்வையால் அரிப்பு மேலும் கிளம்புவதும், அதனால் விளையாட்டிற்கே வராமலிருப்பதும் நாம் காணும் காட்சிகளே.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துத் தவறு ஒன்றையும் கண்டிக்கவேண்டும். "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பிவிடுவதே அது. பழைய வைத்திய சாஸ்திரமே இத்தவற்றிற்குத் துணை நின்றது. 1886-ல் அமெரிக்காவில் மெக்கன்ஸி என்ற வைத்தியர், ரோஜாவின் அருகே போனால் இரைப்பு வரும் ஒரு ஸ்திரீயிடம் செயற்கை ரோஜாவைக் காட்டினார். அதற்கும் இரைப்பு வந்தது. 1930-க்குப் பின் சிகாகோ நகரத்தில் பிரான்ஸ் அலெக்ஸாண்டர் என்பாரும் அவரைச் சார்ந்தோரும் ஆஸ்துமாவை மனத்தில் வேரூன்றிய நோய்களுள் ஒன்றாக வைத்து, தாயைக் குறித்து அடக்கி வைத்த அழுகையே இரைப்பாக வெளிப்படுகிறது என்று கோட்பாடு வகுத்தனர். எத்தனை தாய்மார் இதனால் வீண்பழி சுமந்தார்களோ! அக்கோட்பாடு நிலைக்கவில்லை. மூச்சுக்குழலின் அழற்சி மெய்யானது, அளந்து காட்டத்தக்கது. அச்சமும் துக்கமும் அதைத் தூண்டும் என்பதும் மெய்யே. தீ மூட்டியது வேறு, ஊதியது வேறு. ஊதுவதை நிறுத்துவதும் வேண்டும், தீயை அணைப்பதும் வேண்டும்.

இனி மருந்துக்கடைக்கு வருவோம். நமது கட்டுரையின் முக்கியமான பாகம் இதுவே. பொன்னமராவதியானாலும் வேறெந்தத் தாலூகா ஊரானாலும், தும்மலுக்கு முதல் வைத்தியசாலை கடைவீதியிலுள்ள மருந்துக்கடைதான். "அண்ணே, தும்மலுக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் போதும். அட்டையினின்றும் கத்தரித்த மாத்திரைகள் சிறு காகிதப் பையில் வந்துவிடும். ஏழைக்கு இது சௌகரியம் என்பதை நாம் மறுக்கவில்லை; அரை நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவனை நோவதில் பயனில்லை. ஆனால் அந்தப் பையில் இருப்பது என்னவென்று அறியும் உரிமை அவனுக்கு உண்டு.

சளி மாத்திரைகள் பலவற்றில் அடங்கியுள்ள குளோர்பெனிரமின் மலிவானது, பழமையானது, மூளைக்குள் எளிதில் புகுவது. தூக்கத்தை வரவழைக்கும், அத்தூக்கமும் நல்ல தூக்கமன்று, மறுநாள் பகலிலும் மந்தம் தெளியாது. மூளையை அவ்வளவாகத் தொடாத புதிய மருந்துகள் வந்து வெகுகாலமாயிற்று. பெக்ஸோபெனடின், லோரடடின் என்பன அத்தகையவை. இரைப்பிற்கு விழுங்கக் கொடுக்கும் சால்பியூட்டமால் மாத்திரை இன்னொன்று. ஒரு மாத்திரையில் 4 மில்லிகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரின் ஒரு உறிஞ்சலிலோ ஒரு மில்லிகிராமில் பத்திலொரு பங்கே. அதாவது நாற்பது உறிஞ்சலின் மருந்தை ஒரே விழுங்கில் பிள்ளையின் இரத்தத்தில் கலக்கிறோம். கை நடுங்குகிறது, மார்பு படபடக்கிறது. காரணம் அறியாத பிள்ளை, தனக்கு ஏதோ பயம் பிடித்துவிட்டது என்றே எண்ணுகிறான். வீட்டார் மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். போலி வைத்தியர்கள் உடனடிக் குணம் காட்டுவதற்காகத் தரும் ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதல் வாரத்தில் தேவாமிர்தம். மாதங்கள் சென்றால் முகம் ஊதும், வளர்ச்சி குன்றும், தூக்கம் போகும், சிலருக்குச் சித்தமே கலங்கும்.

இவற்றினும் அதிகமாகப் பேசப்படவேண்டியது மாண்டெலுகாஸ்ட் என்னும் மருந்து. 1998-ல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. நமது நாட்டில் லெவோசெட்டிரிசின் என்பதுடன் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கப்பட்டு, மூக்கொழுகலுக்கெல்லாம் கொடுக்கப்படுகிறது. 2020 மார்ச்சு 4-ந் தேதி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், தன்னிடமுள்ள எச்சரிக்கைகளுள் மிகக் கடுமையானதாகிய கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை இம்மருந்தின்மேல் பொறிக்க உத்தரவிட்டது. இதை உட்கொள்வோர் சிலருக்குக் கெட்ட கனவு, தூக்கத்தில் நடத்தல், கலக்கம், மனச்சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை நேரக்கூடும் என்பது அதன் சாரம். மருந்து அங்கீகரிக்கப்பட்டது முதல் 2019 மே மாதம் வரையில், இம்மருந்தை உட்கொண்டோர் தற்கொலை செய்துகொண்டதாக 82 அறிக்கைகள் அந்நிர்வாகத்திற்கு வந்திருந்தன. சாதாரண மூக்கு ஒவ்வாமைக்கு வேறு மருந்துகள் பயன்படாதபோதே இதைக் கொடுக்கவேண்டும் என்றும் அது வைத்தியர்களுக்கு அறிவுறுத்திற்று.

நியாயமாகப் பேசவேண்டுமாதலின் மறுபக்கத்தையும் சொல்கிறோம். கோடிக்கணக்கானோர் இம்மருந்தை யாதொரு தீங்குமின்றி உட்கொண்டிருக்கிறார்கள். மூச்சு வழியாக ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுவோருடன் ஒப்பிட்டுப் பார்த்து, மனோவியாதி அதிகப்படவில்லை என்று கண்ட ஆராய்ச்சியும் உண்டு. எச்சரிக்கை விடுத்த நிர்வாகமே அதை ஒப்புக்கொண்டது. ஆஸ்துமாவில் இதனால் நன்மையடையும் பிள்ளைகள் உளர். ஆகவே இதைப் படித்துவிட்டு எவரும் நாளைக் காலையிலேயே பிள்ளையின் மாத்திரையை நிறுத்திவிடலாகாது. கொடுத்த வைத்தியரைக் கேட்டே எதையும் செய்யவேண்டும். நமது குறை வேறு. அமெரிக்கத் தாய்க்குக் கட்டமிட்டு அச்சடித்துக் கொடுக்கப்படும் சேதி, நமது தாய்க்கு ஏன் சொல்லப்படவில்லை? வைத்தியர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கத்தக்கது என்று அட்டையின் பின்புறம் பொடியெழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. ஆங்கிலம் அறியாதவன் கையில் கொடுக்கப்படும் ஆங்கில எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. மாத்திரை தொடங்கிய பின் மகன் இரவில் அலறி எழுந்தால், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று நினைக்கும் வாய்ப்பே தமிழ்த் தாய்க்கு மறுக்கப்படுகிறது.

சமையலறையிலும் ஒரு வைத்தியம் நடக்கிறது. கரப்பான் பண்டம் என்று நம் பாட்டிமார் ஒரு நீண்ட ஜாப்தா வைத்திருக்கிறார்கள். கத்தரிக்காய், கருவாடு முதலியவை அதில் முன்வரிசை. இதை மூடநம்பிக்கை என்று நகைப்பார் கூட்டத்தில் நாம் சேரவில்லை. 2008-ல் மைசூர் ஆராய்ச்சியாளர் 741 பேரைச் சோதித்ததில் சிலருக்குக் கத்தரிக்காய் ஒவ்வாமை காணப்பட்டது. பாட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒருவனுக்கு ஒவ்வாதது மற்றொருவனுக்கும் ஒவ்வாது என்பதில்லை. சோதித்துப் பாராமல் பால், முட்டை, மீன், வாழைப்பழம், கடலை என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால், வளரும் பிள்ளையின் தட்டில் சோறும் ரசமுமே எஞ்சும். விருந்திலும் திருவிழாவிலும், பங்குனியில் கொன்னையூர் மாரியம்மன் கோவில் பூச்சொரிதலுக்குப் போகும்போதும், அவன் மட்டும் எதையும் தொடாமல் நிற்கவேண்டும். பதினைந்து வயதில் எல்லோரையும்போல் இருக்கவேண்டும் என்பதைவிடப் பெரிய ஆசை ஒன்று உண்டா?

இன்ஹேலரைக் கண்டால் ஜனங்கள் அஞ்சுகிறார்கள். பழகினால் விடாது, அதுவே கடைசி மருந்து என்பது பரவலான எண்ணம். உண்மை நேர்மாறானது: மிகக் குறைந்த அளவு மருந்து, வேண்டிய இடத்திற்கு நேரே செல்வதால், இதுவே முதல் மருந்தாக இருக்கவேண்டும். பெயரிலும் ஒரு வினை இருக்கிறது. சித்த வைத்தியத்தில் ஆஸ்துமாவிற்குச் சுவாசகாசம் என்று பெயர். க்ஷயரோகத்தையோ காசநோய் என்கிறோம். இரண்டிலும் காசம் என்னும் சொல் கேட்பதால், இரைப்புள்ள பெண்ணுக்குக் காசம் என்று ஊரில் பேச்சு எழுந்துவிடுகிறது. பேச்சு எழுந்தால் வரன் தட்டிப்போகும். ஆகவே பெண் இன்ஹேலரைப் புத்தகப் பைக்குள் ஒளிக்கிறாள். கூடப் படிப்பவர் முன்னால் எடுக்க நாணுகிறாள். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். மூச்சுத் திணறுவது ஒரு வேதனை. திணறுவதை மறைப்பது அதனினும் பெரிய வேதனை. எந்த நிமிஷம் வருமோ என்னும் ஓயாத அச்சத்தில் வளரும் பிள்ளைக்கு அச்சமே சுபாவமாகிவிடுகிறது.

மனத்தின் பேரால் வைத்தியம் செய்துகொள்ள நமது பக்கத்தில் இருக்கும் தயக்கத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. மனநோய் என்றால் குணசீலமும் ஏர்வாடியுமே நினைவுக்கு வருகின்றன. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட கோரத்தை இந்நாடு மறக்கவில்லை. அந்தச் சங்கிலியை மனத்தில் வைத்துக்கொண்டுதான், சோர்ந்து கிடக்கும் மகனை மனோவைத்தியரிடம் காட்டச் சொன்னால் தகப்பனார், "என் பிள்ளைக்கு என்ன, பைத்தியமா?" என்று சீறுகிறார். ஆனால் வழி முற்றும் அடைபட்டிருக்கவில்லை. மத்திய சர்க்கார் 1996-ல் ஜில்லா மனநலத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த நான்கு ஜில்லாக்களுள் நமது அண்டையிலுள்ள திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015, 2016-ல் நடத்திய தேசிய ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதேனும் ஒரு மனோவியாதி இருப்பதாகக் கண்டது. தமிழ்நாடும் ஆராயப்பட்ட மாகாணங்களில் ஒன்று. புதுக்கோட்டையிலேயே 2017-ல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் ஏற்பாட்டின்படி 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் காசில்லாமல் டெலிபோன் செய்து தமிழிலேயே பேசலாம். சாகலாம் போலிருக்கிறது என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் அதை வேடிக்கையென்று தள்ளாமல் உடனே இவ்வெண்ணை அழைக்கவேண்டும்.

இனி செய்யவேண்டுவது யாது? பெரிய கட்டடங்களை நாம் கேட்கவில்லை. இரைப்புக்கும் அரிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு வளரிளம் பிள்ளையிடமும் வைத்தியர் இரண்டே கேள்விகள் கூடுதலாகக் கேட்டால் போதும்: இரவில் எப்படித் தூங்குகிறாய்? மனம் எப்படி இருக்கிறது? அவ்வாறே மனச்சோர்வென்று வரும் பிள்ளையிடம், மூக்கு அடைக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று மனோவைத்தியர் கேட்கவேண்டும். பள்ளிக்கூடங்களில் இன்ஹேலரைப் பிள்ளையின் சட்டைப்பையிலேயே விட்டுவைக்கவேண்டும். ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டுவது, தாகத்திற்குத் தண்ணீரைக் கிணற்றில் வைத்துக் கயிற்றை எடுத்துக்கொள்வதற்குச் சமானம். 2021 ஆகஸ்டில் மாகாண சர்க்கார் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்க எழுந்தது, மிகவும் பாராட்டத்தக்கது. முதியோருக்குச் செய்ததை மூச்சுத் திணறும் மாணவிக்கும் செய்யலாகாதா?

நமது ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்தோறும் கொடியேற்றிக் கூட்டம் போடும் தொண்டர்கள், கூட்டத்தின் நடுவே கால்மணி நேரம் இவ்விஷயத்திற்கு ஒதுக்கலாம். தலையணையையும் மெத்தையையும் வாரந்தோறும் நல்ல வெயிலில் காயப்போடுங்கள், உறைகளைக் கொதிநீரில் துவையுங்கள் என்று தாய்மாருக்குச் சொல்லலாம். கரப்பான் ஒட்டாது, ஆஸ்துமா க்ஷயமன்று என்று ஊரறியச் சொல்லலாம். மருந்துக்கடைக்காரர் நமக்குச் சத்துரு அல்லர். பெரும்பாலும் நமது உறவினரே, நமது கூட்டங்களுக்குச் சந்தா கொடுப்பவரே. இந்த மாத்திரையால் கெட்ட கனவோ மனவாட்டமோ வந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள் என்று தமிழில் அச்சிட்ட ஒரு சிறு சீட்டை மாண்டெலுகாஸ்ட் அட்டையுடன் சேர்த்துக் கொடுக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ளலாம். அதை அச்சடிக்கச் செலவு அற்பம். ஊரிலுள்ள எந்த அச்சுக்கூடமும் ஒரு நாளில் முடித்துவிடும். மருந்துக் கம்பெனிகளே அட்டையின்மீது தமிழில் அச்சிடவேண்டும் என்று சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நமது பிரதிநிதிகள் கேட்பது அடுத்தபடி. மனநல வைத்தியர் எந்த நாளில், எந்த வேளையில், எந்த அறையில் இருப்பார் என்பதைப் பொன்னமராவதிப் பஸ் நிலையத்திலும் பள்ளிக்கூட வாசல்களிலும் பெரிய எழுத்தில் பலகையெழுதி வைக்கவேண்டும். மார்ச்சுப் பரீட்சைக்கு முன்பாக, தை மாதத்துப் பனியிலேயே, அப்பலகை மாட்டப்பட்டாகவேண்டும்.